ஆகாயத்தில் அடித்த மணி

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள்? என் அக்கா எந்தப் பக்கமும் பார்க்க மாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு 'முருகா, முருகா' என்று ஆரம்பித்துவிடுவாள். என் கணவர் சாப்பாட்டு வண்டி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மட்டும் இறக்கையைப் பார்த்துக்கொண்டு வருவேன். நான் ஒரு கண் வைத்திருந்தால்தான் அந்த எஞ்சின் ஒழுங்காக ஓடும் என்று எனக்குள் ஓர் எண்ணம். சிரிக்காதீர்கள். அடுப்பில் வைத்த பால், பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது, தலையைத் திருப்பினால் பொங்கிவிடும் என்று நம்புகிறவர்கள்தானே நாம் எல்லோரும்?

என் பெண் ஸிட்னியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பிரசவத்துக்காகப் புறப்பட்டேன். ஸிங்கப்பூரில் விமானம் மாறி, அங்கிருந்து கிளம்பி அரை மணிகூட ஆகியிருக்காது. மேலே ஏறிக்கொண்டே இருந்த விமானம் சட்டென்று ஏறுவதை நிறுத்திவிட்டது. எஞ்சின் சத்தம் தணிந்தது. பணிப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நம்மைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அந்தப் புன்னகைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது! பக்கத்து ஆசனத்துப் பெரியவர், "என்னம்மா, நிறுத்திவிட்டானா?" என்றார், ஏதோ டவுன் பஸ் நடுவழியில் நின்றதுபோல.

பத்து நிமிஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேனாதலால் எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம்தான் காப்டனின் குரல் வந்தது. ஓர் எஞ்சினைப் பற்றி எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறதாம், ஸிங்கப்பூருக்கே திரும்புகிறோமாம், கவலைப்பட வேண்டியதில்லையாம். திரும்பினோம், சௌக்கியமாக இறங்கினோம். ஐந்து மணி நேரம் கழித்து வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். பேரப்பிள்ளையும் பாட்டி வந்து சேரும்வரை பொறுத்திருந்து, மறுநாள்தான் பிறந்தான். எல்லாம் சுபம்.

ஆனாலும் அந்தப் பத்து நிமிஷம் என் மனசை விட்டுப் போகவில்லை. அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

விமானத்தில் கண்ணையே திறக்காத அதே அக்காவின் பிள்ளை, விமானம் பழுது பார்க்கும் எஞ்சினீயர்! ஊருக்குத் திரும்பியதும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்தி, அவர்கள் உங்களோடு பேசிக்கொண்டிருக்கவில்லையே என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்" என்றான் அவன்.

"அதென்னடா அப்படி?"

"அடுப்பில் எண்ணெய் காய்கிறது. அந்தச் சமயம் பார்த்து வாசல் மணி அடிக்கிறது, டெலிபோன் அடிக்கிறது, குழந்தை அழுகிறது. நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?"

"அடுப்பை அணைப்பேன். இதை என்னிடம் கேட்கவேண்டுமா?"

"அவ்வளவுதான். விமானிகளும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் விமானத்தை ஒழுங்காகப் பறக்க விடுவது. இரண்டாவது, எங்கே போகிறோம் என்று பார்ப்பது. மூன்றாவதுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் முதல் பேச்சு தரையில் இருக்கிறவர்களோடு. உங்கள் முறை அதற்கும் அப்புறம்தான் வரும்."

அவன் சொன்னதில் எனக்கு விளங்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய விமானங்களில் விமானிகள் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் திரை இருக்கிறது. ஏதாவது கோளாறு என்றால் அது மணி அடித்துச் சொல்கிறது. உடனே கவனிக்க வேண்டியது சிவப்பு எழுத்தில் வரும். மணியும் விடாமல் அடிக்கும். சற்றுப் பொறுக்கலாம் என்பது மஞ்சள் எழுத்தில். அதற்கு ஒரே ஒரு மணி. விமானிகள் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? அந்த மணியை நிறுத்துவதுதான்! காதைத் துளைக்கும் சத்தத்தில் யாரால் யோசிக்க முடியும்? பிறகு இருவரில் ஒருவர் விமானத்தை ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மற்றவர் திரையில் உள்ளதை உரக்கப் படித்து, அது சொல்கிறபடி ஒவ்வொன்றாகச் செய்கிறார். ஓர் எஞ்சினை நிறுத்த வேண்டுமானால், அதன் பிடியின் மேல் கையை வைத்து, "இதுதானே?" என்று கேட்கிறார். ஓட்டுகிறவர் கண்ணால் பார்த்து "ஆமாம், அதேதான்" என்று சொன்ன பிறகுதான் கை அசைகிறது.

இவ்வளவு சம்பிரதாயம் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 1989-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி இரவு, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போன விமானம் ஒன்றில் இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று முறிந்துபோயிற்று. விமானம் குலுங்கிற்று, உள்ளே புகை வாசனை வந்தது. விமானிகள் அவசரத்தில் வலது எஞ்சின்தான் கெட்டுப்போனது என்று நினைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும், வேறு காரணத்தால், குலுக்கலும் குறைந்தது! சரியாகத்தான் செய்தோம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். கடைசியில் இறங்கும் சமயத்தில் இடது எஞ்சினும் கைவிட்டுவிட்டது. கெக்வொர்த் என்ற கிராமத்தின் பக்கத்தில், பெரிய மோட்டார் சாலையின் கரைமேல் விமானம் மோதியது. இருந்த 126 பேரில் 47 பேர் இறந்துபோனார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எது தெரியுமா? வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று காப்டன் பிரயாணிகளிடம் அறிவித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பலர் இடது எஞ்சினிலிருந்து நெருப்பு வருவதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். பணியாளர் சிலரும் பார்த்திருந்தார்கள். "இதென்ன, வலது என்கிறாரே!" என்று மனசுக்குள் நினைத்தவர்கள் உண்டு. ஒருவரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாதா நமக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். இவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நமக்கு வாய் அடைத்துப்போகிறதே, அதைப் போலத்தான் இதுவும்.

மேற்கொண்டு நான் துளைத்தெடுக்கவே, அக்கா பிள்ளை இன்னொரு விமானத்தின் கதையைச் சொன்னான். அதுவும் ஸிங்கப்பூரிலிருந்து ஸிட்னிக்குப் போன விமானம், என் பாதையேதான்! நல்ல வேளை, நான் போய்வந்த பிறகு சொன்னான்.

2010-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி. குவான்டாஸ் கம்பெனியின் 32-ஆம் எண் விமானம். ஏர்பஸ் ஏ380 என்னும் இரண்டு அடுக்கு ராட்சச விமானம், நாலு எஞ்சின். அதற்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருந்தார்கள்: நான்சி-பேர்ட் வால்டன். இவர் 17 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். 1930-களில், சாலை வசதி இல்லாத ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பிரதேசங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்க்கப்போகும் நர்ஸுகளைச் சின்னஞ்சிறு விமானத்தில் ஏற்றிச் சென்றவர். பிறந்த வீட்டுப் பெயரே 'பேர்ட்', அதாவது பறவை! பொருத்தத்தைப் பாருங்கள்.

காலை பத்து மணிக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருக்கும்போது விமானம் சாங்கி நிலையத்திலிருந்து கிளம்பியது. உள்ளே பிரயாணிகள் 440 பேர், பணியாளர் 24 பேர். முன்னறையில் வழக்கமான எண்ணிக்கையைவிட அதிகமாக ஐந்து விமானிகள் இருந்தார்கள். காப்டனைப் பரீட்சை செய்ய ஒருவர், அந்தப் பரீட்சகரைப் பரீட்சை செய்ய இன்னொருவர்! காப்டனின் பெயர் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இந்தோனேசியாவின் பாத்தம் தீவுக்கு மேலே, சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில், இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. இடது பக்கத்து உள் எஞ்சினுக்குள் சுழன்றுகொண்டிருந்த கனமான உலோகத் தட்டு உடைந்து சிதறி, எஞ்சினின் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. இறக்கையை ஊடுருவிக்கொண்டு போயிற்று. எண்ணெய்த் தொட்டிகளில் ஓட்டை விழுந்தது. நூற்றுக்கணக்கான மின்சாரக் கம்பிகள் அறுந்தன. உடைந்த துண்டுகள் பாத்தம் தீவில் வீடுகளின் மேல் விழுந்தன. தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. அந்தத் துண்டுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, விமானமே விழுந்துவிட்டது என்றுகூட வெளியுலகில் செய்தி பரவிற்று. விமானமோ அப்போது ஆகாயத்தில்தான் இருந்தது.

காப்டன் முதலில் என்ன செய்தார்? ஒரு பொத்தானை அழுத்தி, விமானம் மேலே ஏறுவதை நிறுத்தினார். எங்கள் விமானம் சட்டென்று நின்றதுபோல் தோன்றிற்றே, அதே காரியம்தான்! மட்டமாக, நிதானமாகப் பறக்கவிட்டார். அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்தார்.

திரையைப் பார்த்தால், ஒன்றா, இரண்டா? முதலில் எஞ்சின் சூடு என்றது. ஒரு கணம் நெருப்பு என்றது. பிறகு பிரேக், மின்சாரம், எண்ணெய், இறக்கையின் மடிப்புகள் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றைப் படித்து முடித்து அகற்றினால் அடுத்தது எட்டிப் பார்க்கிறது. ஒரே நிமிஷத்தில் நாற்பதுக்கு மேல். எல்லாமாக ஐம்பதைத் தாண்டிவிட்டன. மணி அடித்தது, நிறுத்தினார்கள். மறுபடி அடித்தது, மறுபடி நிறுத்தினார்கள். பின்னாலிருந்து பணியாளர்கள் அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தியது, இத்தனை மணிகளோடு ஒரு மணியாகக் கலந்துபோய், முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் சத்தத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்! கல்யாண வீட்டுச் சமையலறையில் நின்று பழகியவர்களுக்கு இந்த நிலைமையை நான் விளக்கவேண்டியதில்லை.

கடலுக்கு மேல் வட்டமிட்டபடியே, சுமார் ஐம்பது நிமிஷம், ஒவ்வொரு எச்சரிக்கையாகப் படித்துப் படித்துத் தீர்த்தார்கள். அவசரப்பட்டு உடனே இறங்கிவிடவில்லை. விமானம் இறங்குகிற நிலைமையில் இருக்கிறதா என்று தெரியாமல் இறங்கி என்ன பிரயோசனம்?

இதற்கிடையில் இரண்டாவது விமானி ஒருவர் எழுந்து பின்னால் வந்து ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்தார். அந்த விமானத்தில் வால் பக்கம் ஒரு காமிரா உண்டு; அது எடுக்கும் படத்தைப் பிரயாணிகள் தங்கள் முன்னால் உள்ள சின்னத் திரையில் பார்க்கலாம். பிரயாணியாக வந்திருந்த அதே கம்பெனி விமானி ஒருவர் அவரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். இடது இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது! கெக்வொர்த்தில் ஒருவரும் சொல்லாததை இங்கே ஒருவர் சொன்னார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. கம்ப்யூட்டர் திரை, எண்ணெயை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றச் சொல்லிற்று. நல்ல தொட்டியிலிருந்து ஓட்டைத் தொட்டிக்கு மாற்றலாமா? ஓட்டைக் குடத்தைக் கம்ப்யூட்டர் கண்ணால் பார்க்கவில்லை, மனிதர்கள் பார்த்துவிட்டார்கள். மாற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். காப்டன் பின்னால் தாம் எழுதிய புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்: எது எது கெட்டுப்போயிற்று என்று எண்ணி மாளாது என்று கண்டதும், எது எது இன்னும் நன்றாக இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினாராம். பறப்பதற்கும் இறங்குவதற்கும் வேண்டிய குறைந்தபட்சம் என்ன? அது இருக்கிறதா? ஒரு சின்ன விமானத்துக்கு வேண்டியது இருந்தால் போதும், இந்த ராட்சசனையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாராம்.

இறங்குவதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எண்ணெயைக் கடலில் கொட்டி எடையைக் குறைக்கும் வசதியும் கெட்டுவிட்டது. இறங்க அனுமதித்த எடையைவிட நாற்பது டன்னுக்கு மேல் அதிகம். சாங்கியின் ஓடுபாதை நீளம் 4,000 மீட்டர். அதில் 100 மீட்டர்தான் மிச்சம் இருக்கும் என்று கணக்கு சொல்லிற்று. சக்கரங்களை யந்திரம் இறக்காது. தன் எடையாலேயே கீழே விழும்படி விட்டார்கள். மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டு, ஓடுபாதை முடிய சுமார் 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது. மணி 11-46.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டீர்களா? நானும் விட்டேன். "பொறுங்கள் சித்தி, இனிமேல்தான் கஷ்டமே" என்றான் அந்தப் பிள்ளை.

இடது பக்க டயர்கள் நாலு காற்றுப் போய்விட்டன. பிரேக்குகளின் சூடு 900 டிகிரி சென்டிகிரேட். அதன் பக்கத்தில் இறக்கையிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் இடது கோடி எஞ்சின் நிற்க மாட்டேன் என்கிறது; அதன் கம்பிகளும் அறுந்துபோய்விட்டன. தீயணைப்பு வண்டிகள் நுரையைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே 469 உயிர்கள். நீங்களும் நானுமாயிருந்தால் என்ன செய்வோம்? கதவைத் திற, சறுக்குப் பலகையை விரி, எல்லோரும் குதியுங்கள் என்றுதானே கத்துவோம்?

காப்டன் அப்படிச் சொல்லவில்லை. மற்ற நாலு பேரோடும் கலந்து யோசித்தார். 2006-ஆம் வருஷம் இதே ஜாதி விமானத்தை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் சோதித்தபோது, 873 பேர் 78 விநாடியில் சறுக்குப் பலகை வழியாக வெளியேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒத்திகைதான், நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அதிலேயே ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது, வேறு முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிராய்ப்பு. இங்கேயோ கிழவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கின்றன. மாடி உயரத்திலிருந்து சறுக்கி விழுந்தால், கீழே எண்ணெயும் நுரையுமாக வழுக்கும் தரை. பக்கத்தில் நிற்காமல் சுழலும் எஞ்சின். ஆகவே வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பதுதான் பத்திரம் என்று முடிவு செய்தார்கள். நெருப்பு என்று ஒரு பொறி கண்டாலும் அந்தக் கணமே எல்லோரையும் வெளியேற்றப் பணியாளர்கள் தயாராகக் கதவுகளின் பக்கத்தில் நின்றார்கள்.

ஏணி வந்து சேரச் சுமார் ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஸிங்கப்பூரின் மத்தியான வெயில். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. அந்த ஐம்பது நிமிஷம் 440 பேர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் பத்து நிமிஷத்தை நினைத்துக்கொண்டேன். ஓட்டி இறக்கியதைவிட இந்த உட்கார வைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஓட்டுவதற்குக் கையில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு, பிரேக்கின் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று இருப்பதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்!

வலது பக்கத்தில் ஒரே ஒரு கதவைத் திறந்து, ஒவ்வொருவராக ஏணி வழியாக நடத்தி இறக்கினார்கள். எல்லோரும் இறங்கி முடிய மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பிடிவாதக்கார எஞ்சின் மட்டும், இறங்கி மூன்று மணி நேரம் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள்ளேயே தீயணைப்பு நுரையைப் பாய்ச்சி ஒருவழியாக நிறுத்தினார்கள். காப்டன் பிரயாணிகள் இருந்த இடத்துக்கு வந்து, நடந்தது அத்தனையும் விவரமாகச் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று தம் சொந்த டெலிபோன் நம்பரையும் கொடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் என்ன என்று ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிபுணர்கள் ஆராய்ந்து 2013-ஆம் வருஷம் ஜூன் மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாய். அதன் துவாரத்தைக் கடையும்போது மையம் சற்று விலகிவிட்டது. அதனால் குழாயின் சுவர் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாமல் மெலிந்துபோயிற்று. நாளாவட்டத்தில் அங்கே விரிசல் கண்டு, எண்ணெய் கசிந்து, உள்ளேயே நெருப்புப் பிடித்து, தட்டு பிய்த்துக்கொண்டது. அதே மாதிரி எஞ்சின்கள் பொருத்திய மற்ற விமானங்களையும் தரையில் நிறுத்திச் சோதித்து, சந்தேகப்பட்டவற்றைக் கழற்றினார்கள்.

"அந்த விமானத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஐயையோ! பதினாறு மாதத்துக்கு மேல் ஸிங்கப்பூரிலேயே வைத்து ரிப்பேர் செய்தார்கள். 2012-இல் நான்சி-பேர்ட் மறுபடி பறந்தாள், சித்தி."